துண்டு கட்டிய கதவுகள்

நான் கவுன்சிலர் தேர்தலில் நின்றது ஊருக்கு நல்லது செய்வதற்காக இல்லை. ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் எல்லாம் அப்படித்தான் சொன்னேன். நிற்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். உண்மையில் என் மகள் மூச்சு விட வேண்டும், அதற்காகத்தான் நின்றேன். வேறு வழி தெரிந்திருந்தால் அதைச் செய்திருப்பேன். யார் காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன்.

நெய்வேலி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது டவுன்ஷிப். அகலமான ரோடு, வரிசையாக மரம், பிளாக்குக்கு ஒரு பார்க். டவுன்ஷிப் நுழைவாசல் ஆர்ச்சுக்கு வெளியே இருக்கிறது எங்கள் பேரூராட்சி. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஆட்கள் குடியிருக்கும் தெரு எங்களுடையது, வார்டின் கடைசித் தெரு. எங்கள் அப்பன் பாட்டனெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். இப்போது தெருவில் ஏர் பிடித்தவர் யாரும் இல்லை. ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ஷிஃப்டுக்குப் போகிறார்கள்.

தெருக்கோடியில் ஒரு பள்ளம். பேரூராட்சிக் குப்பையை அங்கேதான் கொண்டுவந்து கொட்டுவார்கள். பொழுது சாயும் நேரத்தில் யாராவது பற்றவைத்துவிடுவார்கள். யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பிளாஸ்டிக்கும் டயரும் தென்னை மட்டையும் சேர்ந்து எரியும் புகை நேராக எங்கள் தெருவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரியவர்களுக்குக் கண் எரியும், கொஞ்சம் இருமுவோம். என் மகளுக்கு விலா எலும்பு உள்ளே இழுக்கும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பாள். அப்போது அவள் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். நல்ல மனுஷி. போன மாதமும் வந்தாயே என்று சலித்துக்கொள்ள மாட்டார். கடைசியாக ஒருமுறை மட்டும் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "நான் மருந்து குடுத்துட்டே இருக்கலாம்மா. ஒண்ணு அந்தப் புகைய நிறுத்துங்க. இல்லன்னா பிள்ளைய கொஞ்ச வருஷம் வேற ஊர்ல விடுங்க. இப்படியே போனா நுரையீரல் தாங்காது."

வேறு ஊர் என்றால் மேல்பட்டாம்பாக்கத்தில் என் தங்கை இருக்கிறாள். தங்கமானவள்தான். ஆனால் எனக்கு இருப்பது இந்த ஒரு பிள்ளை. கணவர் இல்லை. அவளையும் அனுப்பிவிட்டு நான் அந்த வீட்டில் யாருக்குச் சோறு வடிப்பது?

ஆகவே புகையை நிறுத்தக் கிளம்பினேன். பேரூராட்சி ஆபீசுக்கு நடந்தேன், கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். எல்லாம் சுற்றி எங்கள் வார்டு கவுன்சிலரிடமே வந்து நின்றது. பள்ளத்தைக் காட்டி இங்கே கொட்டுங்கள் என்று சொன்னதே அவர்தான். அவர் வீடு மேலத்தெருவில், காற்றுக்கு எதிர்ப்பக்கம். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா செய்யச் சொல்ற? ஊர்க் குப்பைய என் தலையிலயா கொட்டிக்க முடியும்?" என்றார்.

"எங்க தலையில மட்டும் கொட்டலாமா?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அடேங்கப்பா, நீயே கவுன்சிலரா நின்னு வேற எடம் பாத்துக் குடேன்" என்றார். எனக்கு வாய் துடுக்கு, கோபம் மூக்கு நுனியில். "நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் உட்கார்ந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது.

நான் தையல்காரி. சட்டை, பேன்ட், பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஜாக்கெட் எல்லாம் தைப்பேன். வார்டில் பாதி ஆண்களின் இடுப்பளவு எனக்கு மனப்பாடம். அந்தத் தைரியத்தில்தான் நின்றேன் என்றுகூடச் சொல்லலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துணியாவது என் கையால் தைத்தது இருக்கும், ஒரு ஓட்டுப் போடமாட்டார்களா என்று கணக்குப் போட்டேன்.

வார்டு அந்தமுறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கவுன்சிலர் தன் மனைவியை நிறுத்தினார். போஸ்டரில் அவர் முகம் பூசணிக்காய் அளவுக்கும் அந்த அம்மாவின் முகம் எலுமிச்சம்பழம் அளவுக்கும் இருந்தது. நான் சுயேச்சை. எனக்குக் கிடைத்த சின்னம் தண்ணீர்க்குழாய். எங்கள் தெருக் குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், சில வாரம் அதுவும் கிடையாது. சின்னத்தைக் காட்டி ஓட்டுக் கேட்டால், "இதுலயாவது தண்ணி வருமா?" என்று கேட்காத வீடு இல்லை. "குப்பையை நிறுத்திட்டு அடுத்து தண்ணிக்கு வரேன்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

என்னோடு எல்லா வீட்டுக்கும் வந்தவள் அடுத்த வீட்டுக்காரி. என்னைவிட இளையவள், அக்கா அக்கா என்று கூடவே இருப்பாள். அவள் கணவரும் கான்ட்ராக்ட்தான், சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் மண்ணை வாரும் வேலை. மேலத்தெருவில் பெர்மனென்ட் ஆட்கள், நிலம் வைத்திருந்த குடும்பங்கள். அங்கே வாசலோடு பேசி அனுப்பிவிடுவார்கள். இருந்தாலும் சில பெண்கள், ஜாக்கெட் தைத்த பழக்கத்தில், கேட் வரை வந்து மெதுவாக, "எங்க வூட்டு ஆம்பளைங்களுக்குத் தெரிய வேணாம், போட்டுடறோம்" என்று சொன்னார்கள். நம்பினேன். இன்றும் நம்புகிறேன், அவர்கள் போட்டார்கள்.

இங்கே எங்கள் தெருவின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கும் ஆளை எங்கள் தெருவில் யாரும் எழுப்புவதில்லை. அவர் வந்து படுத்ததும் வீட்டுக்காரி கதவுத் தாழ்ப்பாளில் அவருடைய துண்டைக் கட்டிவிடுவாள். துண்டைப் பார்த்தால் மீன்காரர் கூவுவதை நிறுத்தி, கூடையைத் தட்டிக்கூடக் காட்டாமல் போவார். பிள்ளைகள் தெருவின் அடுத்த முனைக்கு ஓடிவிடுவார்கள். கடன் கேட்க வந்தவன்கூடத் துண்டைப் பார்த்தால் நாளைக்கு வருகிறேன் என்று திரும்புவான்.

இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது நான்தான். என் கணவர் நைட் ஷிஃப்டில் இருந்தபோது தெருவில் ஒரு காதுகுத்து. மைக் செட் கட்டி ரெண்டு நாள் பாட்டு. ரெண்டு பகலும் அவர் பொட்டுத் தூக்கம் இல்லாமல் புரண்டார். போய்ச் சொல்லவும் கூச்சப்பட்டார். சொந்தக்காரர் வீட்டு விசேஷம், என்ன நினைப்பார்களோ என்று. மறுநாள் காலை, நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது, மெயின் ரோட்டில் நின்றுகொண்டிருந்த லாரியில் போய் மோதினார். பிரேக் போட்ட தடமே இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார்.

காரியம் முடிந்த கையோடு நான் தெருவில் நின்று கத்தினேன். இனிமேல் தூங்குகிற ஆளை எழுப்புகிறவர்களை நான் சும்மா விடமாட்டேன் என்றேன். அடுத்த வருஷம் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பகலில் ஸ்பீக்கர் போட்டபோது கத்திரிக்கோலோடு போய் ஒயரை வெட்டினேன். ஒருவரும் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் என்று விட்டுவிட்டார்கள். ஆள் தூங்கும் வீடு எது என்று வெளியே தெரிய வேண்டுமே, அப்படித்தான் துண்டு கட்டுவது வந்தது. வெளியூரில் பெண் எடுத்த வீடுகளில் புது மருமகளுக்குச் சமையலறையைக் காட்டும்போதே இதையும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

பிரச்சாரம் ஆரம்பித்ததும் ஒரு அதிசயம் நடந்தது. குப்பை எரிவது நின்றுவிட்டது. வண்டி வந்து கொட்டும், யாரும் பற்றவைக்க மாட்டார்கள். போதாததற்கு பிளீச்சிங் பவுடர் வேறு தூவினார்கள். கவுன்சிலர் எங்கள் தெருவுக்கே வந்து, "பாத்தீங்களா, சொன்னா செய்வேன்ல?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் ஆட்களே சிலர், "அதான் நின்னுடுச்சேக்கா, இன்னும் ஏன் அலையற?" என்றார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தேர்தல் முடிந்த மறுவாரம் எரியும் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். சிலரிடம் அழுதேன்.

ஆனால் அந்த நாட்களில் மகள் நன்றாக இருந்தாள் என்பதும் உண்மை. சாயங்காலம் தெருவில் ஓடிப் பிடித்து விளையாடினாள். அவள் ஓடுவதை அத்தனை நாள் நான் பார்த்ததே இல்லை. ஜெயித்தால் இப்படியே இருக்கும், தோற்றால் இவளைக் கொண்டுபோய் விட வேண்டும். வீட்டு வாசல்களில் கும்பிட்டு நிற்கும்போது எனக்கு இந்த ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டுப்பதிவு நாளன்று எங்கள் தெரு ஆண்களில் பெரும்பாலோருக்கு நைட் ஷிஃப்ட் வாரம். காலையில் வந்துவிடுவார்கள், குளித்துவிட்டு நேராகப் பூத்துக்கு வந்து போட்டுவிட்டுத் தூங்கட்டும் என்று முதல்நாளே பேசி வைத்திருந்தோம். எல்லோரும் சரி என்றார்கள். காலையில் பூத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பெண்கள் வந்தார்கள், கிழவர்கள் வந்தார்கள். ஆண்கள் வரவில்லை. அடுத்த வீட்டுக்காரிதான் போன் போட்டுக் கேட்டு வந்து சொன்னாள்.

"காலை ஷிஃப்டுக்கு மாத்திவிடற ரிலீவர் யாரும் வரலியாம்க்கா. அவங்க ஊர்லயும் எலக்ஷனாம், ஓட்டுப் போடப் போயிட்டாங்களாம். நம்ம ஆளுங்கள டபுள் பாக்கச் சொல்லிட்டாரு சூப்பர்வைசரு."

டபுள் என்றால் ராத்திரி முழுக்க நின்ற ஆள் அப்படியே அடுத்த ஷிஃப்டும் நிற்பது. யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்களும் அவர்கள் ஊர் கவுன்சிலருக்கு ஓட்டுப் போடத்தான் போயிருக்கிறார்கள். சரி, மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வந்து போடட்டும், நேரம் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் வந்தார்கள். தெருமுனையில் பைக்குகளை நிறுத்தியதை நானே பார்த்தேன். முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை. அப்படியே பூத்துக்கு வந்திருக்கலாம், அவர்கள் நின்ற இடத்துக்கும் பூத் இருந்த பள்ளிக்கூடத்துக்கும் கூப்பிடு தூரம்தான். ஆனால் எங்கள் ஆட்கள் மண்ணோடு பள்ளிக்கூடத்துக்குள் வரமாட்டார்கள். மேலத்தெருக்காரர்கள் வெள்ளைச் சட்டையில் வரிசையில் நிற்கும்போது இவர்கள் கரிப்பேன்ட்டோடு போய் நிற்கக் கூச்சம். "குளிச்சிட்டு வந்துடறோம்க்கா" என்று கையைக் காட்டிவிட்டுத் தெருவுக்குள் போனார்கள். நானும் தலையாட்டினேன்.

அதன் பிறகு ஒருவரையும் காணோம். வெயில் இறங்க ஆரம்பித்ததும் பொறுக்க முடியாமல் தெருவுக்கு ஓடினேன்.

தெரு அடங்கிக் கிடந்தது. முதல் வீட்டுக் கதவில் துண்டு. அடுத்த கதவில் துண்டு. எதிர் வரிசையில் மூன்று கதவு தள்ளி ஒரு துண்டு, அதற்கடுத்து இன்னொன்று. குளித்திருக்கிறார்கள், ஒரு வாய் சாப்பிட்டிருக்கிறார்கள், கொஞ்சம் தலை சாய்த்துவிட்டுப் போகலாம் என்று படுத்திருக்கிறார்கள். ராத்திரியும் பகலும் நின்ற உடம்பு. வீட்டுக்காரிகள் வழக்கம்போலத் துண்டைக் கட்டிவிட்டார்கள். கட்டச் சொன்னவளே நான்தானே.

அடுத்த வீட்டுக்காரி தன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அரை மணி நேரம்னு சொல்லிட்டுதான்க்கா படுத்தாரு. ரெண்டு தபா உள்ள போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். செத்த பொணமாட்டம் தூங்கிகினு இருக்காரு. ராத்திரி மறுபடியும் போவணும்." தாழ்ப்பாளில் கட்டிய துண்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நீ சொல்லுக்கா. எழுப்புன்னு சொன்னா எழுப்பிடறேன். எல்லா வூட்டுலயும் சொல்லி எழுப்பச் சொல்றேன்" என்றாள்.

வாயைத் திறந்தேன். எழுப்பு என்ற ஒரு சொல். சொல்லியிருந்தால் அந்தத் தெருவே எழுந்து நடந்திருக்கும். எனக்குக் கண்ணுக்குள் அவள் கணவர் ராத்திரி பைக்கை ஸ்டாண்டில் இருந்து எடுப்பது தெரிந்தது. அதற்குப் பின்னால் என் கணவர் எடுப்பது தெரிந்தது.

"தூங்கட்டும்" என்றேன்.

சொன்னேனே தவிர, போக மனம் வரவில்லை. அதன் பிறகு நான் செய்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. தெருவில் மேலும் கீழும் நடந்தேன். சத்தமாக இருமினேன். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். என் வீட்டில் இருந்து குடத்தை எடுத்துவந்து, தண்ணீர் வராத குழாயடியில் நின்று கை தவறினாற்போலக் கீழே போட்டேன். அது உருண்டுபோய்ச் சாக்கடை ஓரத்தில் முட்டி நின்றது. யாராவது தானாக விழித்துக்கொள்ளட்டும், நான் எழுப்பியதாக இருக்கக் கூடாது, அதுதான் என் யோசனை. கடவுளே ஒருத்தரையாவது எழுப்பு என்று வேண்டினேன். ஒரு கைக்குழந்தைதான் விழித்து வீறிட்டது. அதன் தாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சுரங்கத்து மெஷின் சத்தத்தில் நின்று பழகிய ஆட்களைக் குடத்துச் சத்தம் என்ன செய்யும்?

மகள் வாசலில் வந்து நின்று, "இன்னாம்மா பண்ற?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிக் குடத்தை எடுத்துக்கொண்டேன்.

பூத் கேட்டைச் சாத்திய பிறகு சிலர் எழுந்து ஓடிவந்தார்கள். ஒருவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், நான் தைத்த சட்டைதான். போலீஸ்காரரிடம் கெஞ்சினார்கள். அவர் கையை விரித்தார். அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்கள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் அவர்கள் பக்கம் போகவில்லை.

எண்ணிக்கை நாளில் எங்கள் வார்டு சீக்கிரமே முடிந்துவிட்டது. நான் தோற்றது ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் ஓட்டுகளில். துண்டு கட்டியிருந்த கதவுகள் அதைவிட அதிகம். ஆபீசர் திரும்ப எண்ண வேண்டுமா என்று கேட்டார். எண்ணச் சொன்னேன். அதே கணக்குதான் வந்தது. பெட்டிக்குள் இல்லாத ஓட்டை எத்தனைமுறை எண்ணினால் என்ன?

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவர்கள் ஊர்வலம் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. வேண்டுமென்றேதான் வந்தார்கள். நட்ட நடுப் பகல். பேண்டு செட், சரவெடி. துண்டு கட்டிய கதவுக்கு முன்னாலேயே சரத்தைக் கொளுத்திப் போட்டார்கள். கத்திரிக்கோல் எடுத்துக்கொண்டு ஓட எனக்குத் தெம்பில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சிவந்த கண்ணோடு, லுங்கியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். நான் எழுப்பாமல் விட்ட அத்தனை பேரும்.

அடுத்த வீட்டுக்காரியின் கணவர் என் பக்கத்தில் வந்து நின்றார். ஊர்வலம் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கள எழுப்பியிருக்கலாமேக்கா" என்றார். அவர் குரலில் கோபம்தான் இருந்தது.

நான் சொன்னபடிதான் நடந்தது, மறுவாரம் குப்பை எரிந்தது. பள்ளத்தில் சேர்ந்து கிடந்ததெல்லாம் ஒரே மூச்சாக எரிந்தது. மகளை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மாஸ்க்கை வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். டாக்டர் கேட்கும் முன்பே நான்தான், "கொண்டுபோய் விட்டுடறேன் மேடம்" என்றேன்.

மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பஸ்ஸில் போகும்போது மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "நீ ஜெயிச்சிருந்தா நான் போவ வேணாமில்ல?" என்று ஒருமுறை கேட்டாள். ஆமாம் என்றேன். அதன் பிறகு கேட்கவில்லை. தங்கை வீட்டில் அவளை விட்டுவிட்டுத் திரும்பும் பஸ்ஸில், முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன். கண்டக்டர் டிக்கெட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது அங்கேயே படிக்கிறாள். ஓடுகிறாளாம், கபடி டீமில்கூடச் சேர்த்திருக்கிறார்களாம். லீவுக்கு இங்கே வந்தால் ரெண்டு நாள்தான், மூன்றாம் நாள் இருமல் ஆரம்பித்துவிடும். போன லீவிலும் அப்படித்தான், தங்கை வந்து அழைத்துப் போனாள். நான் பஸ் ஏற்றிவிட்டு வந்து, தைக்க வேண்டிய துணியைத் தொடாமல், போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டும் நேரத்துக்கு அவளே கூப்பிட்டாள்.

"வூட்டுக்கு வந்து சேந்துட்டம்மா" என்றாள்.

எந்த வீட்டுக்கு என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. மூச்சு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"இங்க வந்ததும் நல்லாயிடுச்சும்மா" என்றாள்.